படத்துக்கு ஒரு ஸ்கிரீன், பெயருக்கு ஒரு ஸ்கிரீன்

அருள்புரம், திருப்பூர்
4.9.2025

மரியாதைக்குரிய கோமதிநாயகம் அவர்களுக்கு,

வேலுமணி எழுதுவது. வணக்கம். 'சம்பந்தி' என்று ஆரம்பித்து, அதை அடித்துவிட்டு மேலே உள்ளபடி எழுதியிருக்கிறேன். அடித்தது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில், தலைமையாசிரியரிடம் விடுமுறை கேட்டு. மார்க் கிடைத்தது, விடுமுறை கிடைக்கவில்லை.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். திங்கட்கிழமை சாயங்காலம் நாம் இருவரும் போனில் பேசியதை அருள்புரம் மெயின் ரோட்டில் பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள். உங்கள் ஊரில் எத்தனை பேர் கேட்டார்களோ தெரியாது. பேசி முடித்ததும் என் மகள் அனுப்ரியா வந்து போனை வாங்கி, உங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டாள். "இனிமே அவிககிட்டப் பேசோணும்னா எழுதுங்கப்பா. எழுதறப்பக் கத்த முடியாது" என்றாள். விழாவுக்கு வந்திருந்த உங்கள் மகன் சங்கரநாராயணனும் அங்கே இதையே செய்துவிட்டதாகக் கேள்வி. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்கள். நமக்குள் இல்லாத ஒற்றுமை அவர்களுக்காவது இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். செப்டம்பர் ஒன்றாம் தேதி உங்கள் ஊரில் பூலித்தேவன் விழா, நீங்கள் விழாக் குழுத் தலைவர், ஊர்வலத்துக்கு முந்நூறு டி-ஷர்ட் வேண்டும் என்றீர்கள். பெண் வீட்டுச் சீராக இருக்கட்டும், நானே அடித்துத் தருகிறேன் என்றேன். எங்கள் பிரிண்டிங் தொழிலில் படத்துக்கு ஒரு ஸ்கிரீன், எழுத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்று தனித்தனியாகச் செய்வோம். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், ஆடிப் பதினெட்டுக்கு, எங்கள் தீரன் சின்னமலை விழாக் குழுவுக்கு ஒரு படம் அடித்திருந்தேன். குதிரை, வாள், தலைப்பாகை, மீசை எல்லாம் பிரமாதமாக வந்திருந்தது. அதிலும் அந்த மீசை! அந்த ஸ்கிரீனைக் கழுவிப் போட எனக்கு மனசு வரவில்லை. எழுத்து ஸ்கிரீனை மட்டும் மாற்றினேன். 'தீரன் சின்னமலை' இருந்த இடத்தில் 'பூலித்தேவன்'. சாம்பிள் பீஸைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். "கம்பீரமா இருக்காரு" என்று பதில் போட்டீர்கள். சாம்பிளுக்கு ஓகே சொன்ன பிறகு, எங்களிடம் சரக்கு வாங்குகிற ஜெர்மனிக்காரன்கூடக் குறை சொல்ல மாட்டான்.

பார்த்தீர்களா, வருத்தம் தெரிவிக்க உட்கார்ந்து வக்கீலாகிவிட்டேன். போனில் நான் சொன்ன கடைசி வாக்கியம் அதிகப்படி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் "உங்க ஊர்ல சண்ட ஆரம்பிக்கதுக்கு அம்பது வருஷம் முன்னாலயே இங்க எல்லாம் முடிஞ்சு போச்சுவே" என்றீர்கள். அதுவரைக்கும் நமக்குள் 'ங்க' இருந்தது. 'வே' வந்தது அங்கேதான்.

ஐப்பசியில் நிச்சயம், தையில் கல்யாணம் என்று பேசியிருந்தோம். "நிச்சயத்த நிறுத்தி வையும்" என்று நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். நான் வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் என் மனைவி சித்ரகலாவைக் கூப்பிடுகிற ஆள். என்னைப் போய் ஒரு படைத்தளபதி மாதிரி நினைத்துக் கோபித்துக்கொள்ளலாமா? இருநூறு வருஷத்துக்கு முந்தைய சண்டையில் என் மகள் கல்யாணம் நிற்க வேண்டாம். பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வேலுமணி


சங்கரன்கோவில்
9.9.2025

திரு. வேலுமணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அடித்த சொல் நன்றாகவே தெரிகிறது.

தாங்கள் தங்கள் பக்கத்தைச் சொன்னீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள். ஊர்வலம் முடிந்து மேடையில் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கு எதிரில் முந்நூறு பேர், முந்நூறு பேர் நெஞ்சிலும் தாங்கள் அடித்துக் கொடுத்த முகம். நான் அந்த முகத்தைச் சுட்டிக்காட்டி, "இந்தக் கண்களைப் பாருங்கள். இதில் எங்காவது பயம் தெரிகிறதா?" என்று கேட்டேன். கூட்டத்தின் பின்பக்கத்தில் சிரிப்பு கிளம்பியது. உற்சாகம் என்று நினைத்து இன்னும் சத்தமாக அதையே மறுபடியும் கேட்டேன். சிரிப்பு முன்வரிசைக்கு வந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், எங்கள் தெருவில் ஒருவருடைய மருமகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறான். அவன் தன் போனில் ஆடிப் பதினெட்டுப் படத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான். "இது சின்னமலைல்லா! எங்க கம்பெனில எல்லாருக்கும் குடுத்தாவ" என்று சொல்லியிருக்கிறான். அதே குதிரை. அதே மீசை. பெயர் மட்டும் வேறு. மேடையை விட்டு இறங்கும்போது எங்கள் குழுப் பொருளாளர் என் காதருகே வந்து, "தலைவரே, அடுத்த வருஷம் பேரும் அங்கயே வாங்கிக்கிடுவமா?" என்று கேட்டார்.

இந்த ஊரில் எனக்கு ஜவுளிக்கடை இருக்கிறது. துணி வாங்க வருகிறவர்கள் இப்போது விலையைக் கேட்பதில்லை, மீசையைப் பற்றிக் கேட்கிறார்கள்.

மேடையில் அவ்வளவும் நடந்த பிறகுதான் அன்று சாயங்காலம் தங்களுக்குப் போன் செய்தேன். தாங்கள் சொன்னது என்ன? "உங்க ஆளுக்கு மூஞ்சி குடுத்ததே எங்க ஊருதானுங்க." 'ங்க' போட்டுச் சொன்னால் வலிக்காது என்று தங்களுக்கு யார் சொன்னது?

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வெள்ளைக்காரனை முதலில் எதிர்த்தது எங்கள் பூலித்தேவன்தான் என்று ஒரே ஒரு வரி, தங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அதை எங்கள் குழுவில் வாசிக்கிறேன். அதன்பிறகு நிச்சயத்தைப் பேசுவோம். அதுவரை முடியாது.

கோமதிநாயகம்


அருள்புரம்
15.9.2025

மரியாதைக்குரிய கோமதிநாயகம் அவர்களுக்கு,

ஒரே வரி என்றீர்கள். ஒரு ஷிப்மெண்டையே அனுப்பிவிடலாம் போலிருக்கிறது, அந்த வரியை அனுப்ப முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் அங்கே தலைவர். நான் இங்கே செயலாளர். ஆடிப் பதினெட்டு விழாக் குழுவின் செயலாளர். நான் கையெழுத்துப் போட்ட வரி சங்கரன்கோவிலில் உங்கள் குழுவில் காலையில் வாசிக்கப்பட்டால், மத்தியானம் அது எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் இருக்கும். சாயங்காலம் நான் எங்கே இருப்பேன் என்று சொல்ல முடியாது. கொமரலிங்கத்தில் மச்சான் தோட்டம் ஒன்று இருக்கிறது, அங்கே இருந்தாலும் இருப்பேன்.

இருந்தாலும் முயற்சி செய்தேன். முதலில், 'முதலில் எதிர்த்தவர்களில் பூலித்தேவன் முக்கியமானவர்' என்று எழுதினேன். 'களில்' என்பதை நீங்கள் விட மாட்டீர்கள் என்று தோன்றியது. அப்புறம், 'வரி கட்ட மாட்டேன் என்று முதலில் சொன்னவர் உங்களவர், வழியில் போகிற வரிப்பணத்தைப் பறித்தவர் எங்களவர்' என்று எழுதினேன். அது நன்றாக வந்திருந்தது. என்னைப் பாராட்டிக்கொண்டு இரண்டாவது டீ குடித்தேன். குடிக்கும்போதே மாட்டேன் என்று சொல்வதைவிடப் பறிப்பது பெரிய காரியம் அல்லவா என்று ஓரத்தில் சேர்த்துவிட்டேன். சேர்த்ததும் கடிதம் கெட்டுப்போயிற்று. மூன்றாவது டீ.

வரிக்காக உயிரைக் கொடுத்தவர்களைப் பற்றி இப்படி மல்லுக்கட்டுகிற நீங்களும் நானும், மாதம் இருபதாம் தேதி வந்தால் ஆடிட்டர் சொன்ன தொகையை மூச்சு விடாமல் ஜிஎஸ்டி கட்டுகிறவர்கள். ஒரு நாள் தாமதமானால் ஆடிட்டருக்கு நாலு தடவை போன் போடுவேன். நீங்களும் போடுவீர்கள் என்றே நினைக்கிறேன். நாம் எந்த வாளை யாரிடம் நீட்டுகிறோம்?

சித்ரகலா என் பின்னால் நின்று இதையெல்லாம் வாசித்துவிட்டுச் சொன்னது: "ஏனுங்க, சண்ட போட்டவிகளே போயிச் சேந்துட்டாங்க. ரண்டு பேரும் உக்காந்து யாரு மொதல்ல செத்தாங்கன்னு எண்ணீட்டு இருக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?" எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தோடு எழுதினாலும் அந்த வரி வரவில்லை. பேனா 'முதலில்' வரைக்கும் வருகிறது, நின்றுவிடுகிறது. இது என்ன கர்வம் என்று எனக்கே தெரியவில்லை. சின்னமலை எனக்கு மாமனா மச்சானா?

இனி வேடிக்கை இல்லை. அனுப்ரியா என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். "அப்பாவுக்குக் காப்பி வேணுமான்னு கேளுங்கம்மா" என்று என் எதிரிலேயே அவள் அம்மாவிடம் சொல்கிறாள். அவள் வேலை பார்க்கிற பையிங் ஆபீஸில் பெங்களூருக்குப் போகிறாயா என்று ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்கள், கல்யாணத்தைச் சொல்லி மறுத்து வந்தாள். இப்போது தீபாவளிக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறாளாம். அவள் போய்விட்டால் அவள் அறைக் கதவை நான் எப்படித் திறப்பேன் என்று நினைத்தாலே என்னவோ செய்கிறது.

வரி இல்லாமல் நிச்சயத்துக்கு வர வழி இருக்கிறதா?

வேலுமணி


சங்கரன்கோவில்
22.9.2025

திரு. வேலுமணி அவர்களுக்கு,

வழி இல்லை.

தங்கள் மகள் பெங்களூர் போவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வருத்தமாக இருந்தது. இங்கே நிலைமை வேறு மாதிரி. சங்கரநாராயணன் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவான். விழாவுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் வரவில்லை. கேட்டால் ஆடிட் இருக்கிறது என்கிறான். எந்த ஆடிட் எல்லா வாரமும் நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவி ஆவுடையம்மாள் வாராவாரம் அவனுக்காக ஊற வைக்கிற அரிசி உளுந்தை ஊற வைப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு என்ன கோபம் என்று இப்போது எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் போகவும் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். போனில் தாங்கள், முகம் கொடுத்ததே எங்கள் ஊர்தான் என்றீர்கள். எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் இவர்கள் யாரையும் யாரும் உட்கார வைத்து வரைந்ததில்லை. அப்படியிருக்க, தங்கள் சின்னமலைக்கு அந்த முகம் எங்கிருந்து வந்தது? பழைய ஓவியம் ஏதாவது தங்கள் பக்கம் இருக்கிறதா? இருந்தால் காட்டுங்கள். அது தங்கள் ஊர் முகம்தான் என்று ஆனால், நான் கேட்ட வரியைப் பற்றி யோசிக்கிறேன். இல்லையென்றால் என்னிடம் பேசிய பேச்சுக்குப் பதில் சொல்லுங்கள்.

கோமதிநாயகம்


அருள்புரம்
28.9.2025

அன்புள்ள கோமதிநாயகம் அவர்களுக்கு,

உட்கார்ந்து வாசியுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. அதை வரைந்தது தேஜஸ்ரீ. எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் செய்துகொண்டிருந்த பெண். ஆவணியில் அனுப்பர்பாளையத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். வண்டியை எடுத்துக்கொண்டு அங்கேயே போனேன். "அம்மிணி, சின்னமல படத்த எங்கிருந்து எடுத்த?" என்றேன்.

"அண்ணா, நீங்கதான 'மீச நல்லா இருக்கோணும், நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேணும்'னீங்க. இன்டர்நெட்ல இருக்கறத எடுத்தா எவனாச்சும் கேஸ் போடுவான்னும் சொன்னீங்க. நம்ம டேபிள்ல ராம்பிரவேஷ் அண்ணன் மீசதான் நல்லா இருந்துச்சு. தலைல துண்டக் கட்டி நிக்க வெச்சு போட்டோ எடுத்தேன். அத வெச்சு வரஞ்சேன்."

போட்டோவையும் காட்டினாள். இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்தீர்களா? பின்னால் தெரிவது எங்கள் பிரிண்டிங் டேபிள். தலையில் இருப்பது ஈரோடு துண்டு. கையில் உயர்த்திப் பிடித்திருப்பது மை இழுக்கிற ரப்பர் கட்டை. அதுதான் படத்தில் வாளாகிவிட்டது. குதிரை கம்ப்யூட்டரில் ஏறியது.

ராம்பிரவேஷ் என்னிடம் வெகு காலமாக டேபிள் பிரிண்டராக இருக்கிறார். சொந்த ஊர் பீகாரில் ஆரா பக்கம். நானும் நீங்களும் ஒரு மாதமாக உறவை முறித்துக்கொண்டு நிற்பது இவருடைய முகத்துக்காக.

திரும்பி வந்து அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கு முதலிலிருந்தே தெரியுமாம். "தெரியும் ஓனர். ஆடில எல்லாரும் நம்ம மூஞ்சி போட்டுச்சு. நான் வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பிச்சு. அம்மா ரொம்ப குஷி" என்றார். நானும் சிரித்துவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. "ஆனா ஓனர், பேருதான் தப்பு. வெள்ளைக்காரன்கூட பஸ்ட் சண்ட போட்டது நம்ம பாபு குன்வர் சிங். அட்டாரா சௌ சத்தாவன். வயசு எம்பது. கைல குண்டு பட்டுச்சு, கைய வெட்டி கங்கைல போட்டுச்சு" என்றார்.

அட்டாரா சௌ சத்தாவன் என்றால் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு. கோமதிநாயகம் அவர்களே, எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. டிரையர் ஓடுகிற சத்தத்தையும் மீறி நான் கத்தியது இது: "என்னய்யா அம்பத்தேழு? அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே, ஆயிரத்து எழுநூத்தி அம்பத்தஞ்சுலயே, எங்க பூலித்தேவன் வெள்ளக்காரன வாசல்ல நிறுத்தி வரி கெடையாது போடான்னாரு! அவருதாய்யா மொதலு!"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. டேபிளைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். வாசலில் டிபன் டப்பாவோடு அனுப்ரியா.

ஏன் வாயில் சின்னமலை வரவில்லை என்று அப்புறம் யோசித்தேன். சின்னமலையின் 1805 என்றால் ராம்பிரவேஷை ஐம்பத்து இரண்டு வருஷத்தில்தான் ஜெயிக்க முடியும். 1755 என்றால் நூற்று இரண்டு. வியாபாரி வாய், லாபம் எங்கே அதிகமோ அங்கே போய்விட்டது. ஆனால் 'எங்க' என்று சொன்னதற்கு அந்தக் கணக்கு போதாது. அது எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நீங்கள் எழுதச் சொன்ன வரியை எழுத முடியாமல் மூன்று டீ குடித்த நான், அதை ஒரு பீகார்க்காரரிடம் இனாமாகச் சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான், வாபஸ் வாங்கப்போவதில்லை.

போட்டோ இப்போது உங்கள் கையில். அதை எங்கள் குழுவுக்கு அனுப்பிவைத்தால், அடுத்த ஆடிக்கு நான் திருப்பூரில் நடமாட முடியாது. என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

வேலுமணி


சங்கரன்கோவில்
5.10.2025

அன்புள்ள வேலுமணி அவர்களுக்கு,

பக்கத்தில் யாரும் இல்லாமல் வாசிக்கச் சொன்னீர்கள். கடையில் வைத்து வாசித்தேன். சிரித்த சிரிப்பில் கல்லாவில் இருந்த பையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். புரையேறிவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

போட்டோவை ஆவுடையம்மாளிடம் மட்டும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாவம், நல்ல மனுஷன் மாதிரில்லா இருக்காரு. இவருக்கா நீங்க அன்னைக்கு ஏணி வச்சு ஏறி மாலை போட்டிய?" என்று கேட்டாள். மேடைக்குப் பின்னால் கட்டிய பேனரிலும் இதே முகம்தான். ஆமாம், ஏணி வைத்துத்தான் ஏறினேன். இறங்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இதைத் தங்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் தாங்கள் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டபடியால் நானும் ஒன்றாவது சொல்ல வேண்டும்.

நேற்று குழுக் கூட்டம். தலைவர் பதவியை விட்டுவிடலாம் என்றுதான் போனேன். போனால் இளவட்டங்கள் எல்லாம் அதே டி-ஷர்ட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் வேறு படம் போடலாம் என்று வாயெடுத்தேன். "என்னத்தயும் மாத்துங்க, மீசைய மட்டும் மாத்திராதிய" என்று ஒரே சத்தம். அது யார் மீசை என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. பொருளாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டு விழுங்கினேன். ஒரு மாதமாக என்னைப் பார்த்துச் சிரித்தவரை, மனசுக்குள் வைத்து நான் ஒரு மணி நேரம் சிரித்தேன். ராஜினாமா செய்யவில்லை.

போட்டோ பீரோவில் இருக்கிறது, சாவி என்னிடம். தங்கள் குழுவுக்கோ எங்கள் குழுவுக்கோ அது போகாது.

நான் கேட்ட வரி இனி வேண்டாம். எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் பெண்ணுக்காக எழுதினீர்கள் என்று நானே நினைத்திருப்பேன்.

ஆனால் 1857 விஷயத்தைத் தாங்கள் தனியாகச் சமாளிக்க முடியாது. தங்களுக்குத் தொடக்க வருஷம் மட்டும் தெரிகிறது, இடையில் உள்ளது எதுவும் தெரியவில்லை. நம் பக்கம் சண்டையெல்லாம் நடந்து முடிந்த பிறகு வந்தவர்கள் முதல் என்று சொல்வதை எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது? வருகிற பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அருள்புரம் வருகிறேன். அந்த மனுஷரை இருக்கச் சொல்லுங்கள்.

கோமதிநாயகம்


அருள்புரம்
14.10.2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

அடிக்காமல் எழுதியிருக்கிறேன்.

பஸ் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா? போன் செய்து கேட்டிருக்கலாம், தடை நீங்கிவிட்டது. ஆனால் போனில் இவ்வளவு வம்பு பேச முடியாது, காசு கொடுத்து வாங்கிய பேனாவும் தீரவில்லை.

நீங்கள் போன பிறகு இங்கே நடந்தது. ராம்பிரவேஷுக்கு நம் இருவர் மேலும் கோபம். பாவம், ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் இரண்டு பெரிய மனுஷர்கள் தன் முகத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று சலவைச் சட்டை போட்டு, மீசையில் எண்ணெய் தடவி வந்தவர். நீங்கள் நெற்கட்டும்செவலில் ஆரம்பித்து, பாஞ்சாலங்குறிச்சி, காளையார்கோவில் என்று ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைக்க, நான் ஓடாநிலையையும் சங்ககிரியையும் எடுத்துக் கொடுக்க, அந்த மனுஷர் குன்வர் சிங் என்கிற ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றார். நாம் இருவர், அவர் ஒருவர், மொழியும் அவருடையது இல்லை. அதை நினைத்தால் இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. "ரெண்டு ஓனரும் ஒண்ணா பேசுது, நான் மட்டும் தனியா பேசுது" என்று சித்ரகலாவிடம் முறையிட்டிருக்கிறார். அவள் அவருக்கு மட்டும் தனியாக ஒரு தட்டு சந்தகம் (உங்கள் ஊர் இடியாப்பம்) பிழிந்து கொடுத்தாள். எனக்குக் கேட்டதற்கு, "போருக்குப் போனவிக அங்கயே சாப்பிட்டுட்டு வரோணும்" என்றாள்.

ராம்பிரவேஷ் சட் பூஜை என்கிற அவர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறார். அவருக்கு டி-ஷர்ட் அடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதே படம், குன்வர் சிங் பெயரில். எண்பது வயதுக்காரருக்கு இந்த மீசை இவ்வளவு கறுப்பாக இருக்கலாமா என்று கேட்டேன். "வெள்ளை மை போடு ஓனர்" என்றார். தேஜஸ்ரீயிடம் சொல்லி மூன்றாவது எழுத்து ஸ்கிரீனுக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன், இந்தி எழுத்தில். என்னை ஒன்றும் கேட்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் பேசும்போதெல்லாம் அனுப்ரியா வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் அல்லவா? உங்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது அவள் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். "அப்பா" என்றாள். நேராக என்னைப் பார்த்து. நான் பின்னால் திரும்பி அவள் அம்மா இருக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை, என்னைத்தான். "பெங்களூருக்கு வரலைன்னு சொல்லி மெயில் போட்டுட்டேன். இனி நீங்க ரண்டு பேரும் மறுபடி சண்டை போட்டீங்கன்னா, நானும் அவரும் கோயில்ல மால மாத்திக்கிட்டு வந்து ஆசீர்வாதம் பண்ணுங்கன்னு நிப்போம், பாத்துக்கங்க" என்றாள். அவர் என்றால் உங்கள் மகன். அவள் போன பிறகு நான் வண்டி நிறுத்துகிற இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சித்ரகலா வந்து, "கரப்பான்பூச்சியா?" என்று கேட்டாள்.

ஜோசியர் ஐப்பசி இருபத்துமூன்று, ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள் என்கிறார். உங்களுக்குச் சரிப்படுமா? அனுப்ரியா ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். நிச்சயத்தன்று மைக் நம் இருவர் கைக்கும் வரக் கூடாது.

வேலுமணி


சங்கரன்கோவில்
19.10.2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

ஐப்பசி இருபத்துமூன்று சரிப்படும். நாற்பது பேர் வருவோம், இரண்டு வேன். மைக் விஷயத்தில் தங்கள் மகளுடைய நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வேனுக்குள் அந்த நாற்பது பேர் என்ன பேசிக்கொண்டு வருவார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை. பொருளாளரும் வருகிறார். ராம்பிரவேஷ் அதற்குள் ஊரிலிருந்து திரும்பியிருந்தால், அவரைப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். மீசையைப் பார்த்துப் பொருளாளர் ஏதாவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்று நான் அந்த மனுஷரிடம் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். என் கடையிலிருந்து ஒரு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆவுடையம்மாள் யாரும் சொல்லாமலே அரிசி உளுந்து ஊற வைத்தாள். சனிக்கிழமை விடியும்போது சங்கரநாராயணன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். தீபாவளிக்குப் பலகாரம் எதுவும் வேண்டாம், தோசை போதும் என்றான். எட்டுத் தோசை சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் முன்னறையில் ஃபேனுக்குக் கீழே படுத்துத் தூங்கிவிட்டான். தீபாவளி வியாபாரம், கடையில் கூட்டம், பையன் மூன்று தடவை போன் செய்துவிட்டான். வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே மத்தியானம் வரைக்கும் நான் அந்த அறையிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். நன்றாகக் குறட்டை விடுகிறான்.

கோமதிநாயகம்